ஐ.வி. போடலாமா, எடுக்க மட்டும்தானா? அமெரிக்காவில் டென்டல் அனஸ்தீசியா அசிஸ்டென்ட் பெர்மிட்

சான்ஹோசேயில் வாய், தாடை அறுவைச் சிகிச்சை கிளினிக்கில் வேலை செய்யும் அசிஸ்டென்ட், பெர்மிட் வைத்திருந்தால், நோயாளியின் கையிலிருந்து ஐ.வி. லைனை, அதாவது இரத்தக் குழாயில் மருந்து ஏற்றும் குழாயை, எடுக்கலாம். போடக் கூடாது. சியாட்டிலில் அதே வேலையில் இருப்பவர், சான்றிதழ் இருந்தால், போடவும் செய்யலாம், எடுக்கவும் செய்யலாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் போர்ட்லாண்டில், போடுவதற்கென்று தனியாக ஒரு கோர்ஸ் முடித்திருக்க வேண்டும். மருந்தும் ஊசியும் மூன்று ஊரிலும் ஒன்றுதான். சட்டம்தான் வேறு வேறு.

அமெரிக்காவில் இந்த வேலைக்கு நாடு முழுவதற்குமான உரிமம் கிடையாது. யார் என்ன செய்யலாம் என்பதை ஒவ்வொரு மாநிலத்தின் பல் மருத்துவச் சட்டம் முடிவு செய்கிறது. பெயர்கூட ஒன்றாக இல்லை. சான்ஹோசே இருக்கும் கலிஃபோர்னியாவில் 'டென்டல் செடேஷன் அசிஸ்டென்ட்' (செடேஷன் என்றால் மருந்து கொடுத்து மயக்க நிலைக்குக் கொண்டுபோவது), சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் 'டென்டல் அனஸ்தீசியா அசிஸ்டென்ட்', போர்ட்லாண்ட் இருக்கும் ஓரிகனில் 'அனஸ்தீசியா டென்டல் அசிஸ்டென்ட்'. வேலை விளம்பரங்களில் இவை ஒன்றுக்கொன்று மாற்றாகப் போடப்படுவதைப் பார்க்கலாம். அதை நம்பி இறங்க வேண்டாம். ஐ.டி. வேலைக்காக பே ஏரியாவுக்கும் சியாட்டிலுக்கும் போர்ட்லாண்டுக்கும் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களில், பி.டி.எஸ். முடித்துவிட்டு லைசென்ஸ் தேர்வுக்குப் படித்தபடியே அசிஸ்டென்ட் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. அவர்களை மனதில் வைத்து இந்த மூன்று மாநிலங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதிலும் கலிஃபோர்னியாவைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அங்கேதான் படிகள் அதிகம்.

கலிஃபோர்னியா

பெர்மிட் இல்லாத சாதாரண டென்டல் அசிஸ்டென்ட்டுக்கும் மயக்க நிலையில் இருக்கும் நோயாளி விஷயத்தில் ஒரு சிறிய வேலையைச் சட்டம் அனுமதிக்கிறது. அறுவை நடக்கும் நேரத்தில் மானிட்டர் திரையில் தெரியும் ஈ.சி.ஜி., இரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் செறிவு, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்ஸைடு ஆகியவற்றைப் படித்து, பக்கத்திலேயே இருக்கும் டாக்டரிடம் சொல்லலாம். அவ்வளவுதான். அறுவைக்கு முன்பும், முடிந்து நோயாளி தெளியும் நேரத்திலும் கண்காணிப்பது அந்த அனுமதிக்குள் வராது. நடைமுறையில் அதிகம் மீறப்படுவது இந்த எல்லைதான். அறுவை முடிந்ததும் டாக்டர் அடுத்த அறைக்குப் போய்விடுவார். "அவங்க எழுந்திருக்கிற வரைக்கும் பாத்துக்கோங்க" என்று பெர்மிட் இல்லாத அசிஸ்டென்ட்டிடம் சொல்லிவிட்டுப் போவார். அப்படிச் சொல்வது சட்டத்துக்கு வெளியே. மருந்து மிச்சமிருந்து, வலியும் குறைந்து, தூண்டுதல் எதுவும் இல்லாமல் நோயாளி மூச்சை மறந்து தூங்கக்கூடிய நேரமும் அதுதான்.

2010 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கும் டென்டல் செடேஷன் அசிஸ்டென்ட் பெர்மிட் இந்த எல்லையை விரிக்கிறது. வணிக, தொழில் சட்டத் தொகுப்பின் 1750.4 ஆம் பிரிவு பெர்மிட் யாருக்கு என்று சொல்கிறது. 1750.5 ஆம் பிரிவு பெர்மிட் வைத்திருப்பவர் என்ன செய்யலாம் என்று சொல்கிறது. இரண்டையும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து நீளமில்லை. ஒரு கிளினிக்கில் "இங்கே எல்லாரும் செய்கிறார்கள்" என்று சொல்லப்படும் எதையும் அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

தகுதிக்கு அடிப்படை, டென்டல் அசிஸ்டென்ட்டாக 12 மாத வேலை அனுபவம். பி.டி.எஸ். பட்டமோ, ஊரில் தனி கிளினிக் நடத்திய அனுபவமோ இருக்கிறது என்பதற்காக மற்றப் படிகள் எதுவும் தள்ளுபடியாவதில்லை. எச்-1பி விசாவில் இருப்பவரின் துணைக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில், வேலை அனுமதி அட்டை இல்லாதவர்கள் இந்த இடத்தில் தவறான யோசனை ஒன்றைக் கேள்விப்படுவார்கள்: "சம்பளம் வாங்காமல் ஒரு வருஷம் போய் உதவி செய்யுங்கள், டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தருவார்." வழக்கமாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் வேலையைச் சும்மா செய்தாலும் குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அது வேலைதான். அந்தக் கையெழுத்து பிறகு கிரீன் கார்டு நேரத்தில் உங்களுக்கு எதிரான ஆவணமாக நிற்கும்.

அனுபவத்தோடு நான்கு படிப்புகள் வேண்டும். மாநிலப் பல் மருத்துவ வாரியம் ஏற்ற 2 மணி நேர பல் மருத்துவச் சட்ட வகுப்பு. 8 மணி நேர தொற்றுத் தடுப்பு வகுப்பு. அமெரிக்க இதயச் சங்கமோ அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கமோ அங்கீகரித்த அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி, அதாவது பி.எல்.எஸ். கடைசியாக, செடேஷன் அசிஸ்டென்ட் கோர்ஸ். முதல் மூன்றும் எளிது, ஒரே கவனம் பி.எல்.எஸ். விஷயத்தில். முழுக்க இணையத்திலேயே முடித்து 20 நிமிடத்தில் சான்றிதழ் அச்செடுக்கும் தளங்களின் காகிதம் இங்கே செல்லாது. பொம்மையின் மார்பை அழுத்திக் காட்டி, பேக் வைத்து மூச்சுக் கொடுத்துக் காட்டிய பயிற்சியாக இருக்க வேண்டும்.

நான்காவதுதான் மலை. மாநில விதித் தொகுப்பின் 16 ஆம் தலைப்பில் 1070.8 ஆம் விதி இந்தக் கோர்ஸை 110 மணி நேரமாக வகுக்கிறது: வகுப்பறைப் பாடம் 40, ஆய்வகமும் முன்பயிற்சியும் சேர்த்து 32, நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சி 38. அந்த 38 மணி நேரத்துக்குள், மயக்கம் கொடுக்கப்பட்ட 20 நோயாளிகளிடம் மேற்பார்வையோடு வேலை செய்து முடித்திருக்க வேண்டும். கோர்ஸில் சேர்ந்த பிறகு பலர் மாட்டிக்கொள்வது இந்த இருபதில்தான். சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்ஸைடு மட்டும் கொடுத்த கேஸ் இதில் சேராது. மாத்திரை மட்டும் கொடுத்ததும் சேராது. வாரத்துக்கு ஓரிரண்டு ஐ.வி. கேஸ் வரும் பொதுப் பல் கிளினிக்கில் இருப்பவருக்கு இருபதை எட்ட மாதக்கணக்கில் ஆகும். ஞானப்பல் எடுக்கும் அறுவைச் சிகிச்சை கிளினிக்கில் அதே இருபது சீக்கிரமே முடிந்துவிடும். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே கோர்ஸ் நடத்துபவரிடம் கேளுங்கள்: 20 கேஸ் எங்கே நடக்கும், உங்கள் கிளினிக்கிலேயே செய்யலாமா, அங்கே மேற்பார்வை யார், ஒவ்வொரு கேஸுக்கும் யார் கையெழுத்து. ஒவ்வொரு கேஸுக்கும் தேதி, கொடுத்த மருந்து வகை, நீங்கள் செய்த பணி ஆகியவற்றை அன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நோயாளியின் பெயர் அந்தத் தாளில் வரக் கூடாது.

பிறகு வாரியத்தின் எழுத்துத் தேர்வு, கைரேகைப் பதிவு. மாநிலத்துக்குள் இருப்பவர்களுக்கு கைரேகை 'லைவ் ஸ்கேன்' முறையில் எடுக்கப்படும். வெளியிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் மை தடவிய கைரேகை அட்டை அனுப்ப வேண்டியிருக்கும், அது தெளிவில்லாமல் திரும்பி வந்தால் காலம் நீளும். இந்தச் சட்டப் பிரிவுகள் அவ்வப்போது திருத்தப்படுபவை. 2024-இல் வந்த எஸ்.பி. 1453 என்ற திருத்தச் சட்டம் பல் மருத்துவச் சட்டத்தில் பல இடங்களைத் தொட்டது. எனவே இரண்டு வருடத்துக்கு முன் பெர்மிட் வாங்கிய தோழியின் பட்டியலை வைத்துக்கொண்டு விண்ணப்பிக்காதீர்கள். வாரியத்தின் தற்போதைய படிவத்தோடு வரும் குறிப்புத்தாளை வரிவரியாகப் படியுங்கள்.

முதல் டோஸ் யாருடையது

பெர்மிட் கிடைத்ததும் என்ன செய்யலாம்? அறுவைக்கு முன், நடுவில், பின் என்று மூன்று கட்டத்திலும் நோயாளியைக் கண்காணிக்கலாம். மருந்தை அடையாளம் கண்டு, மருந்துக் குப்பியான வயலிலிருந்தோ ஆம்பூலிலிருந்தோ சிரிஞ்சில் எடுக்கலாம், அளவை டாக்டர் சரிபார்க்க வேண்டும். ஏற்கெனவே போட்டிருக்கும் ஐ.வி. லைனில் மருந்து சேர்க்கலாம், டாக்டர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். லைனை எடுக்கலாம். நோயாளியின் நிலை எப்படி இருக்கிறது என்று தீர்மானிக்கும் பொறுப்பு எப்போதும் டாக்டருடையது.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது: எந்த மருந்தானாலும் முதல் டோஸை டாக்டரேதான் கொடுக்க வேண்டும். பலர் இதை 'அன்றைய முதல் ஊசி' என்று எடுத்துக்கொள்கிறார்கள். சட்டத்தின் வாசகம் ஒரு மருந்தின் முதல் டோஸ் என்று சொல்கிறது. டாக்டர் மிடசோலம் கொடுத்தாயிற்று, அடுத்து ஃபென்டனில் தொடங்குகிறது என்றால், ஃபென்டனிலின் முதல் டோஸும் அவர் கையால்தான். பிறகு புரொபொஃபால் வந்தால் அதற்கும் அப்படியே. காரணம் எளிது. ஒரே அளவு ஒருவரைத் தூங்கவும் வைக்காது, இன்னொருவரின் மூச்சையே நிறுத்திவிடும். ஒவ்வாமை தெரிய வருவதும் முதல் டோஸில்தான். நோயாளி அந்த மருந்துக்கு எப்படி எதிர்வினை காட்டுகிறார் என்று தெரியாத அந்த நிமிடத்தில் மருந்து உரிமம் பெற்றவர் கையில் இருக்க வேண்டும் என்பதே கணக்கு.

லைனில் மருந்து சேர்க்கும் படிகளையும் சட்டமே வரிசையாகச் சொல்வது கவனிக்கத்தக்கது: லைன் ஓடுகிறதா என்று பார்ப்பது, மருந்து செலுத்தும் வாயான போர்ட்டைத் தேர்ந்தெடுப்பது, சிரிஞ்சைச் செருகுவது, லைனை அழுத்திப் பிடித்து இரத்தம் வருகிறதா என்று இழுத்துப் பார்ப்பது, அழுத்திய லைனை விடுவித்து, உரிய நேரமெடுத்து மருந்தைச் செலுத்துவது. இந்த வரிசையில் எதையாவது தாண்டினால் என்ன ஆகும் என்பதை வைத்துப் படித்தால் நினைவில் நிற்கும்.

போர்ட் தேர்வையே எடுத்துக்கொள்வோம். நோயாளிக்கு மிக அருகில் இருக்கும் போர்ட்டை விட்டுவிட்டு, நிற்கும் இடத்துக்கு வசதியாக மேலே இருக்கும் போர்ட்டில் மருந்தைச் செலுத்தினால், அது குழாயிலேயே தங்கும். சொட்டு மெதுவாக ஓடினால் இன்னும் மோசம். "ஒண்ணும் ஆகலையே" என்று டாக்டர் இரண்டாவது டோஸ் சொல்வார். பிறகு யாராவது சொட்டைத் திறந்துவிடும்போது இரண்டும் ஒன்றாக உள்ளே போகும். மூச்சு நிற்பது அப்போது. அருகில் உள்ள போர்ட், மருந்துக்குப் பின் குழாயைக் கழுவிவிட ஒரு சிறு ஃப்ளஷ், இந்த இரண்டும் இருந்தால் இது நடக்காது.

இழுத்துப் பார்க்கும்போது இரத்தம் வரவில்லை, தோல் வீங்கிக் குளிர்ந்திருக்கிறது, நோயாளி எரிகிறது என்கிறார் என்றால் ஊசி இரத்தக் குழாயை விட்டு வெளியே வந்திருக்கிறது. நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். விரல்கள் வரை தீயாக எரிச்சல் ஓடி, கை வெளுத்துப்போனால் அது தமனியாக இருக்கலாம். அப்போது பயத்தில் ஊசியை உருவிவிடுவதுதான் பெரிய தப்பு. அதே வழியாகத்தான் டாக்டர் சிகிச்சை தர வேண்டியிருக்கும். மருந்தை நிறுத்துங்கள், ஊசியை அப்படியே விடுங்கள், குரல் கொடுங்கள்.

வாஷிங்டன், ஓரிகன்

வாஷிங்டன் 2012-இல் இந்தப் பணிக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. மாநிலச் சட்டத் தொகுப்பில் 18.350 ஆம் அத்தியாயம் அது. சான்றிதழைச் சுகாதாரத் துறை வழங்குகிறது. கல்வித் தகுதிக்குப் பொதுவான வழி, வாய், தாடை அறுவை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் நடத்தும் 'டான்ஸ்' (DAANCE) என்ற தேசியச் சான்றிதழ்த் தேர்வு. இது 36 மணி நேர சுயபடிப்பு. அடிப்படை அறிவியல், உடல்நோய் உள்ளவர்களை மதிப்பிட்டுத் தயார்செய்வது, மருந்துகளும் முறைகளும், கருவிகளும் கண்காணிப்பும், அவசர நிலைகள் என்று ஐந்து பாகங்கள். முடிவில் தேர்வு மையத்தில் கணினித் தேர்வு. அதோடு ஐ.வி. பற்றி 8 மணி நேரப் பாடமும், மனிதக் கையிலோ பயிற்சி பொம்மையிலோ குறைந்தது 10 முறை வெற்றிகரமாக லைன் போட்ட அனுபவமும், நடப்பில் இருக்கும் உயிர்காப்புச் சான்றும் வேண்டும்.

அதிகாரமும் பெரியது. டாக்டர் அங்கேயே இருக்கும்போது லைன் போடலாம், எடுக்கலாம், லைன் அடைபடாமல் இருக்கும் அளவுக்குச் சொட்டைக் கூட்டிக் குறைக்கலாம். டாக்டர் நேரில் பார்த்துக்கொண்டிருக்கும்போது மருந்து எடுக்கலாம், அவர் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல லைனில் செலுத்தலாம், இன்ஃபியூஷன் பம்பைச் சரிசெய்யலாம், அவசர மருந்தும் கொடுக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, வேலை தேடும்போது அதைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் அதிகம்: மேற்பார்வையிடுபவர் வாய், தாடை அறுவை நிபுணராகவோ பல் மயக்கவியல் நிபுணராகவோ இருக்க வேண்டும். மிதமான செடேஷன் பெர்மிட் வைத்திருக்கும் பொதுப் பல் மருத்துவரிடம் வேலைக்குச் சேர்ந்தால் இந்தச் சான்றிதழ் அங்கே உங்களுக்கு எந்த அதிகாரமும் தராது. நேர்காணலில் சம்பளம் கேட்பதற்கு முன் டாக்டரின் சிறப்புத் தகுதியைக் கேளுங்கள்.

ஓரிகன் இரண்டுக்கும் இடைப்பட்டது. நிர்வாக விதிகளில் 818-042 ஆம் பிரிவில் 0115 முதல் 0117 வரை பார்த்தால் போதும். சான்றிதழ் பெற்றவர், உரிய பெர்மிட் உள்ள டாக்டரின் நேரடிப் பார்வையில், ஏற்கெனவே ஓடும் லைனில் மருந்து செலுத்தலாம், அவசர மருந்தும் கொடுக்கலாம். லைன் போடுவது தனி. அதற்கு வாரியம் ஏற்ற ஐ.வி. அல்லது இரத்தம் எடுக்கும் பயிற்சிக் கோர்ஸ் ஒன்றை முடித்திருக்க வேண்டும்.

இதிலிருந்து இடம் மாறுகிறவர்களுக்கு ஒரு நேரடிக் கணக்கு கிடைக்கிறது. சியாட்டிலில் டான்ஸ் முடித்து, தினமும் ஐந்தாறு லைன் போட்டுக்கொண்டிருந்தவர் சாக்ரமென்டோவுக்கு மாறினால், கலிஃபோர்னியா வாரியம் ஏற்ற அந்த 110 மணி நேரக் கோர்ஸை அவர் தனியாக முடித்தாக வேண்டும். முடித்த பிறகும் லைன் போட முடியாது. தெற்கிலிருந்து வடக்கே போவது கொஞ்சம் இலகு, டான்ஸும் ஐ.வி. பயிற்சியும் சேர்த்துக்கொண்டால் போதும் என்பதால். இடமாற்றம் வரும் என்று தெரிந்தால் எந்த மாநிலத்தில் இருந்தாலும் டான்ஸை முடித்து வைப்பது வீண் போகாது என்பது எங்கள் கருத்து. கலிஃபோர்னியாவில் அது பெர்மிட்டைத் தராவிட்டாலும், மருந்தியல் பாடம் அங்கே எழுத்துத் தேர்வுக்கு அப்படியே உதவும்.

பெர்மிட் எதற்காகக் கேட்கப்படுகிறது

மூன்று மாநிலமும் உங்களிடம் எதிர்பார்க்கும் திறமை ஒன்றேதான்: மூச்சு நிற்பதை மற்றவர்களுக்கு முன்னால் கவனிப்பது. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98 காட்டுகிறதே என்று நிம்மதியாக இருப்பதுதான் புதியவர்களின் பழக்கம். மூக்குக் குழாயில் ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருக்கும்போது, மூச்சு நின்ற பிறகும் அந்த எண் சில நிமிடங்கள் இறங்காமல் நிற்கலாம். இறங்கத் தொடங்கும்போது வேகமாக இறங்கும். வெளிமூச்சின் கார்பன் டை ஆக்ஸைடைக் காட்டும் கேப்னோகிராஃப் அலை தட்டையாவது அடுத்த மூச்சிலேயே தெரிந்துவிடும். சாதாரண அளவு 35 முதல் 45 மி.மீ. பாதரசம். ஆனால் பல் நாற்காலியில் வாய் திறந்தபடி இருக்கும் நோயாளிக்கு மூக்குக் குழாய் வழியாக எடுக்கும்போது எண் குறைவாகத்தான் வரும். உறிஞ்சுக் குழாய் பக்கத்தில் வந்தால் இன்னும் குறையும். அதனால் எண்ணை விட அலையின் வடிவத்தையும் போக்கையும் பாருங்கள். அலை காணாமல் போனால் முதலில் நோயாளியின் மார்பைப் பாருங்கள், பிறகு குழாயைப் பாருங்கள். வரிசை மாறக் கூடாது. தொண்டைக்கு மேல் ஒட்டும் ஸ்டெதஸ்கோப் பழைய கருவிதான், கரன்ட் போனாலும் வேலை செய்யும் கருவியும் அதுதான். 1070.8 விதியின் பாடத்திட்டத்தில் அதுவும் இருக்கிறது.

இரத்த அழுத்தப் பட்டையையும் விரல் ஆக்ஸிமீட்டரையும் ஐ.வி.யையும் ஒரே கையில் போட்டால், பட்டை இறுகும் ஒவ்வொரு முறையும் ஆக்ஸிமீட்டர் அலறும், சொட்டு நிற்கும், இரத்தம் குழாயில் ஏறும். பொய் அலாரத்துக்குப் பழகிய காது உண்மையான அலாரத்தையும் விட்டுவிடும். பட்டை ஒரு கையில், மற்ற இரண்டும் மறு கையில். ஈ.சி.ஜி. வயர்களுக்கு அமெரிக்க நிற முறை: வெள்ளை வலது தோள், கறுப்பு இடது தோள், சிவப்பு இடது கீழ்ப்பக்கம். இந்தியாவில் பல மருத்துவமனைகளில் பார்த்த நிற முறையில் சிவப்பு வலது கைக்குப் போகும். பழக்கத்தில் மாற்றி ஒட்டிவிட்டு, அலை தலைகீழாக வருகிறதே என்று திகைக்க வேண்டாம்.

மருந்து எடுக்கும் மேசையில் நடக்கும் பெரிய தப்பு மிடசோலத்தில். ஒரு மி.லி.யில் 1 மி.கி. உள்ள வயலும் 5 மி.கி. உள்ள வயலும் சந்தையில் இருக்கின்றன. சப்ளையரிடம் ஒன்று தீர்ந்துபோனால் மற்றது வந்து அலமாரியில் உட்காரும். கை பழக்கத்தில் 2 மி.லி. இழுத்தால் 2 மி.கி.க்குப் பதில் 10 மி.கி. போய்விடும். சிரிஞ்சில் மருந்தின் பெயர் மட்டும் எழுதினால் பத்தாது. ஒரு மி.லி.யில் எவ்வளவு மி.கி., எடுத்த தேதி, நேரம், எடுத்தவரின் முதலெழுத்து, இவ்வளவும் வேண்டும். லேபிள் நிறம் உதவும்: மிடசோலம் வகைக்கு ஆரஞ்சு, ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணிகளுக்கு நீலம், புரொபொஃபால் போன்றவற்றுக்கு மஞ்சள். நிறத்தை நம்பிப் படிக்காமல் விடுவது இன்னொரு விபத்து. புரொபொஃபால் பால் போன்ற கொழுப்புக் கரைசல், கிருமி அதில் செழிக்கும். காலையில் எடுத்த சிரிஞ்சில் மிச்சமிருப்பதை மாலை நோயாளிக்கு வைக்கக் கூடாது. ஒரு வயல் ஒரு நோயாளிக்குத்தான்.

மாற்று மருந்துகள் எங்கே இருக்கின்றன என்பது கண்ணை மூடிக்கொண்டு தெரிய வேண்டும்: ஓபியாய்டுக்கு நலாக்சோன், மிடசோலத்துக்கு ஃப்ளூமசெனில். ஃப்ளூமசெனிலின் வேலை மிடசோலத்துக்கு முன்பே முடிந்துவிடும். கொடுத்ததும் எழுந்து பேசுகிறார் என்று வீட்டுக்கு அனுப்பினால் காரில் மறுபடி தூங்கிவிடலாம். அப்படி மாற்று மருந்து கொடுக்கப்பட்டவரைத் தெளிவறையில் வழக்கத்தை விட நீண்ட நேரம் வைத்திருப்பார்கள். அந்த நேரம் முழுக்க உங்கள் கண் அவர் மேல் இருக்க வேண்டும்.

ஆக்ஸிஜன் சிலிண்டர் கணக்கும் தேர்வில் வரும், வேலையிலும் வரும். 'ஈ' அளவு சிலிண்டர் நிரம்பியிருந்தால் அழுத்தம் சுமார் 2,000 பி.எஸ்.ஐ., கொள்ளளவு சுமார் 660 லிட்டர். முள் 500-இல் நின்றால் கால்வாசி, அதாவது ஏறக்குறைய 165 லிட்டர். கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கோடு நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடவிட்டால் 11 நிமிடம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் தீர்ந்துவிடக்கூடிய அளவு அது. காலையில் முதல் நோயாளி வருமுன் முள்ளைப் பார்த்துக் குறித்து வைப்பவர் யார் என்று கிளினிக்கில் ஒரு பெயர் இருக்க வேண்டும். "யாராவது பாத்திருப்பாங்க" என்ற நிலை இருந்தால் அந்தப் பெயராக நீங்களே இருங்கள்.

குழந்தைகள்

கலிஃபோர்னியாவில் 2015-இல் பல் சிகிச்சைக்கான மயக்கத்தில் 6 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்த பிறகு, அடுத்த ஆண்டே ஏ.பி. 2235 என்ற சட்டம் வந்தது. தொடர்ந்து 2018-இல் எஸ்.பி. 501 நிறைவேறி, 2022 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. டாக்டர்களின் பெர்மிட் வகைகளையே அது மாற்றியமைத்தது. அசிஸ்டென்ட்டுக்கு முக்கியமான பகுதி இது: 13 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு ஆழ்ந்த செடேஷனோ முழு மயக்கமோ கொடுக்கும்போது, சிகிச்சை செய்யும் டாக்டரைத் தவிர இன்னும் குறைந்தது இரண்டு பேர் முழு நேரமும் அறையில் இருக்க வேண்டும். சிகிச்சை செய்பவரே மயக்கமும் கொடுப்பதாக இருந்தால், அந்த இருவரில் ஒருவர் கண்காணிப்பைத் தவிர வேறு எதையும் செய்யக் கூடாது. அவர் குழந்தைகளுக்கான மேம்பட்ட உயிர்காப்புப் பயிற்சியான பி.ஏ.எல்.எஸ். அல்லது வாரியம் ஏற்ற இணையான பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

"வேறு எதையும்" என்பதற்கு உறிஞ்சுக் குழாய் பிடிப்பதும் விலக்கில்லை. டாக்டர் "கொஞ்சம் இதைப் பிடிங்க" என்று, கன்னத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரை நீட்டினால் கண்காணிப்பவர் கை நீட்டக் கூடாது. தமிழ்க் குடும்பங்களில் டாக்டர் சொன்னதை மறுத்துப் பழக்கமில்லாதவர்களுக்கு இது சங்கடமாகத்தான் இருக்கும். முன்கூட்டியே, காலை கூட்டத்தில், இன்று யார் மானிட்டர் என்று பெயர் சொல்லிவிட்டால் அந்தச் சங்கடம் வராது. குழந்தைகளுக்கு மூச்சு நின்றபின் ஆக்ஸிஜன் இறங்கும் வேகம் பெரியவர்களை விட மிக அதிகம் என்பதால் இந்த விதியில் பேரம் பேச இடமில்லை. குழந்தைகள் கிளினிக்கில் வேலை தேடுகிறவர்கள் செடேஷன் பெர்மிட்டோடு பி.ஏ.எல்.எஸ். சான்றும் எடுத்து வைத்தால் விண்ணப்பக் குவியலில் மேலே வருவார்கள்.

காகிதங்கள்

தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு, பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகவோ, முழுப்பெயரும் ஒரே கட்டத்திலோ இருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் வேறு மாதிரி. பி.எல்.எஸ். அட்டையில் இனிஷியலோடு. கோர்ஸ் சான்றிதழில் கணவர் பெயர். தேர்வு மையத்தில் அடையாள அட்டையும் பதிவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். முதல் வகுப்பில் சேருமுன்பே ஓட்டுநர் உரிமத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் கொடுத்துவிடுவது சுலபமான வழி.

வேலை அனுபவச் சான்றில் கையெழுத்திடும் டாக்டர், பொய் என்றால் தண்டனைக்கு உட்பட்டே கையெழுத்திடுகிறார். அதனால் தேதிகளைச் சம்பளச் சீட்டோடு ஒத்துப் பார்த்து எழுதிக் கொடுங்கள். டாக்டர் கிளினிக்கை விற்றுவிட்டோ ஓய்வுபெற்றோ போய்விட்டால் கையெழுத்தைத் துரத்துவது கஷ்டம். வேலையை விட்டு விலகும் நாளிலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

கலிஃபோர்னியா பெர்மிட்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், 25 மணி நேரத் தொடர்கல்வியோடு. அதில் தொற்றுத் தடுப்பு, பல் மருத்துவச் சட்டம், பி.எல்.எஸ். ஆகிய மூன்றும் கட்டாயம். பி.எல்.எஸ். அட்டையின் ஆயுளும் இரண்டு ஆண்டுதான், ஆனால் அது பெர்மிட் தேதியோடு சேர்ந்து முடியாது. பெர்மிட் நடப்பில் இருந்து பி.எல்.எஸ். காலாவதியான இடைவெளியில், கிளினிக்குக்கு மயக்க மருந்துப் பரிசோதனையாளர் வந்தால் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான். அந்தப் பரிசோதனையில் குரல்வளை இறுக்கம், வாந்தி உள்ளே போவது, மாரடைப்பு, ஒவ்வாமை என்று ஒவ்வொரு அவசரத்தையும் நடித்துக் காட்டச் சொல்வார்கள். டாக்டர் மட்டும் பதில் சொன்னால் போதாது. பேக்கை எடுப்பது யார், 911-க்கு அழைப்பது யார், நேரம் குறிப்பது யார் என்று குழுவையே பார்ப்பார்கள். மாதம் ஒருமுறை, நோயாளி இல்லாத மதிய நேரத்தில், ஏதாவது ஒரு அவசரத்தை எடுத்துக்கொண்டு கடிகாரம் வைத்து ஓடிப் பார்க்கும் கிளினிக்குகளில் இது தடுமாறுவதில்லை.